அண்ணி கட்டிய ஊர்

அந்தச் சாம்பல் நிறக் கட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கணினித் திரையின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம். அதற்குள் ஆங்கிலத்தில் ஒரே வரி: சேமித்த கோப்பு பழுதாகிவிட்டது, திறக்க முடியாது. கீழே ‘ஓகே’ என்று ஒரு பொத்தான். அண்ணி அதை நாலு முறை அழுத்தினார். நாலு முறையும் கட்டம் மறைந்து மறுபடி வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டேனா பாப்பா?” என்று கேட்டார். அதற்கு உண்மையான பதில் தெரிந்தவள் நான். “தெரியலையே அண்ணி” என்றேன்.

அண்ணிக்குக் கிளியனூர். அங்கே அவர்களுக்குக் கொஞ்சம் நெல்லும் வேர்க்கடலையும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மரக்காணத்துக்கு வந்தபோது நான் திண்டிவனத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல். வீட்டில் இருந்த கணினி என் படிப்புக்காக வாங்கியது. அதனால் அது என் சொத்து என்று எனக்கு நினைப்பு. அண்ணனும் என் சொத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் போல. அண்ணி வந்த நாளிலிருந்து “சாப்பாடு ஆயிடுச்சா?” என்பதைத் தாண்டி நான் அவரிடம் ஒன்றும் பேசியதில்லை. அம்மா வேலை சொல்வதோடு சரி. அண்ணன் உப்பளத்தில் மேஸ்திரி. விடியுமுன் போனால் வெயில் தாழ்ந்துதான் வருவான்.

ஐப்பசி பிறந்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் அண்ணன் ஒரு வியூக விளையாட்டை எங்கிருந்தோ வாங்கி வந்து கணினியில் ஏற்றினான். காலி நிலத்தில் ஊர் கட்டி, வயல் உழுது, படை திரட்டி, பக்கத்து ராஜ்யங்களைப் பிடிக்க வேண்டும். அவன் இரண்டு வாரத்தில் அலுத்துப் போனான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி உட்கார்ந்துகொண்டார்.

அவர் ஆடிய விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். சண்டையே போட மாட்டார். முதலில் குளம், பிறகு வயல், பிறகு களஞ்சியம். எதிரி படையோடு வந்தால் தானியம் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். “சண்ட போடாம என்ன அண்ணி ஆட்டம்?” என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன். “அவங்க ஊர்லயும் புள்ளக்குட்டிங்க இருக்குமில்ல?” என்றார், ரொம்பத் தீவிரமாக. கார்த்திகைக்குள் அந்த ஊர் திரை கொள்ளாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. எனக்குள் எரிச்சலும் கூடவே வளர்ந்தது.

ஒருநாள் சாயந்திரம் நான் கல்லூரி ரெக்கார்டைக் கணினியில் அடித்து முடித்தாக வேண்டும். இரண்டு முறை கேட்டுவிட்டேன். “இதோ, சேவ் பண்ணிட்டுக் குடுத்துடறேன்” என்று பொத்தானை அழுத்திவிட்டு அண்ணி அடுப்படிக்கு எழுந்து போனார். பெரிய ஊர் அல்லவா, சேமிக்கும் பட்டை மெதுவாக நகர்ந்தது. அரை நிமிடம் காத்திருந்தால் முடிந்திருக்கும். நான் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் கோப்பு என்ன ஆகும் என்று பரீட்சையில் பதில் எழுதியவள் நான். அண்ணி வந்து கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தார். “கரண்ட் போய் வந்துச்சு அண்ணி” என்றேன். “அப்பிடியா” என்றார்.

என் வேலை முடிந்த பிறகு அவர் ஆட்டத்தைத் திறந்தபோதுதான் அந்தக் கட்டம் வந்தது. விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. “கரண்ட் போயிடுச்சுங்க” என்று அண்ணியே அவனிடம் சொன்னார். எங்கள் ஊரில் மின்விசிறியிலிருந்து கடிகாரம் வரை எது கெட்டாலும் பழி உப்புக் காற்றின்மேல்தான். “உப்புக் காத்துல உள்ள எல்லாம் துரு ஏறிக் கெடக்குது” என்று அண்ணனும் தீர்ப்பு சொல்லிவிட்டு, ஆட்டம் ஓடுகிறதா என்று பார்க்கப் புதிதாக ஒன்றை ஆரம்பித்து நாலைந்து சுற்று ஆடினான். அங்கேதான் இன்னொரு வினை. ஆட்டம் தானாகவே மூன்று பழைய பிரதிகளை வைத்திருக்கும். அவன் ஆடிய புது ஆட்டம் அந்த மூன்றின் மேலேயும் எழுதிவிட்டது. சும்மா விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அண்ணி அழவில்லை, யாரையும் திட்டவில்லை. மறுநாள் கணினி முன்னால் இருந்த நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தார். “இருங்க அண்ணி, நான் பாக்கறேன்” என்று துணியை எடுத்துக் கட்டிலில் போட்டேன்.

முதலில் பழுதான கோப்புக்கு ஒரு நகல் எடுத்தேன். எது கெட்டாலும் நகலில்தான் கை வைக்க வேண்டும். பிறகு கோப்பின் உள்ளே இருப்பதை எண்ணும் எழுத்துமாகக் காட்டும் ஒரு மென்பொருளில் திறந்தேன். உடம்பு பெரும்பாலும் அப்படியே இருந்தது. தலைப்பகுதி மட்டும் வெறும் பூஜ்ஜியம். வரைபடம் எவ்வளவு பெரிது, எத்தனை எதிரிகள், எத்தனையாவது சுற்று என்பதெல்லாம் அந்தத் தலையில்தான் இருக்கும். அதே மாதிரி புது ஆட்டம் ஒன்று தொடங்கிச் சேமித்து, அதன் தலையை வெட்டி இதில் ஒட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு விவரம் தவறினாலும் ஆட்டம் திறக்காது. அந்த விவரமெல்லாம் அண்ணியின் நினைவில் மட்டும்தான் இருந்தது.

அதனால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். வெளியே மழை. நான் கேட்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். “பெரிய மேப்பு. எதிரி ஆறு பேரு. இல்ல இல்ல, அஞ்சு. ஆட்டம் ஆரம்பிக்கும்போதே மஞ்சக் கொடிக்காரன உங்க அண்ணன் வேணாம்னு எடுத்துட்டாரு.” ஒட்டுவேன், திறப்பேன், கட்டம் வரும். மறுபடி ஒட்டுவேன். நடுநடுவே அவர் பேச்சு கிளியனூருக்குப் போய்விடும். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்ததும், பி.காம் விண்ணப்பம் வாங்கிவந்து நிரப்பாமலேயே வைத்திருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பஸ்ஸில் வம்பு பண்ணும் பையன்களைப் பற்றிச் சொல்வேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

ஏழாம் நாள் மத்தியானம் கோப்பு திறந்தது. கிழக்குப் பக்கம் இரண்டு கிராமங்கள் மட்டும் இல்லை. “பரவால்ல, புயல்ல போச்சுன்னு நெனச்சிக்கறேன்” என்றார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எங்க பாப்பா செத்ததப் பொழைக்க வச்சிட்டா” என்று சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமை ஒவ்வொன்றும் எனக்குள் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு இதேதான் வேலை. கெட்டுப்போன கோப்புகளோடு ஆட்கள் கூப்பிடுவார்கள். கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். ஒன்றும் செய்யவில்லை, தானாகவே போய்விட்டது என்பார்கள். நான் எரிந்து விழுவதில்லை. அதே பொய்யைப் பத்துப் பன்னிரண்டு வருடமாக வைத்திருந்தவள்தானே நானும்.

போன மழைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணி கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. “அன்னைக்கு கரண்ட் போகல அண்ணி. நான்தான் சுவிட்ச ஆஃப் பண்ணேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் கை நிற்கவில்லை. “தெரியும் பாப்பா. நான் உள்ள சட்னி அரைச்சிக்கிட்டு இருந்தேன். மிக்சி நிக்கவே இல்லையே” என்றார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. “அப்பவே கேட்டிருக்கலாமே!”

“கேட்டா என்னா ஆயிருக்கும்? உங்க அண்ணன் உன்னத் திட்டியிருப்பாரு. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போயிருப்ப.” இறால் தோலை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “நான் வந்து எட்டு மாசம் ஆயிருந்துச்சு. இந்த வீட்ல ஒருத்தர் என் பக்கத்துல ஒக்காந்து பேசுனது அந்த ஒரு வாரந்தான். போனா போவுது, அந்த ஊரு.”

நான் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்தை என் பக்கமும் கொஞ்சம் இழுத்து, ஒரு இறாலை எடுத்தேன்.