வாய்ஸ் நோட்டில் பேரிங் பார்த்தேன்

காலை ஒன்பது மணிக்கு அன்வர் பாய் வாட்ஸ்அப்பில் ஒரு சத்தம் அனுப்பினார். ‘டக் டக் டக்’ என்று பன்னிரண்டு நொடி. ஆம்பூரில் என் மெக்கானிக் ஷெட்டில் உட்கார்ந்து, டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல் தீர்ப்பு சொன்னேன்.

“பேரிங் போச்சு பாய். இன்ஜினைப் பிரிக்கணும். ஸ்டார்ட் பண்ணாதீங்க.”

முப்பது வருஷ அனுபவம் அப்படித்தான் பேசும். கேட்க நன்றாக இருக்கும்.

பாய் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர். அவருடைய பழைய பெட்ரோல் கார் மாதனூர் தாண்டி பைபாஸில் நின்றுவிட்டது. காரில் கூட இருந்த மகள் ஷபானாவுக்குப் பதினோரு மணிக்கு வேலூர் சத்துவாச்சாரியில் வேலை இன்டர்வியூ. கை காட்டியும் ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. காரைக் கட்டி இழுக்கக் கயிறு எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். பைக் எப்படிக் காரை இழுக்கும் என்பதைப் பாதி வழியில்தான் யோசித்தேன்.

பானெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சூடு ஏறித்தான் இன்ஜின் தட்டியிருக்கிறது. பேரிங் பாவம், சும்மா இருந்தது. தெர்மோஸ்டாட் மூடியைச் சுற்றி ஈரம். ஆறவிட்டுக் கழற்றினேன். உள்ளே அப்பளம் மாதிரி சுருண்ட ஒன்று. பாய் வாங்கிப் பார்த்தார்.

“இன்னாப்பா இது?”

“மூடிக்கு அடியில தண்ணி கசியாம வெக்கிற கேஸ்கெட்டு பாய். போன வாரம் ஸ்டாக் இல்ல. ஷூ கம்பெனி வேஸ்ட் தோல் கெடந்துது, வெட்டிப் போட்டேன்.”

“இது லைனிங் தோலு. மரப்பட்டையில பதம் பண்ணது. சுடுதண்ணி பட்டா சுருங்கிடும். குரோம் உப்புல பதம் பண்ண தோலைத்தான் நாங்க கொதிக்க வெச்சுப் பாத்து வெளிய அனுப்புறோம். ஆம்பூர்லயே பொறந்துட்டு இதுகூடவா தெரியாது?”

நான் ஷபானா பக்கம் திரும்பினேன். “பாப்பா, என் பைக்ல விட்டுர்றேன், வா.”

“அந்த பைக்கையும் நீங்கதானே ரிப்பேர் பாக்குறீங்க?”

“ஆமா.”

“வேணாம் அங்கிள்.”

பாய் டிக்கியிலிருந்து ஒரு குரோம் தோல் சாம்பிள் எடுத்தார். “இது கொதிச்சாலும் அசையாது. வெட்டு.” மூடியை வைத்து அவர் கோடு போட்டார், நான் வெட்டினேன். போல்ட்டை இறுக்கி, எதிர் டீக்கடையில் தண்ணீர் கெஞ்சி வாங்கி ஊற்றினோம். பத்தே காலுக்கு ஸ்டார்ட். ஒரு ‘டக்’கூட இல்லை.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஷபானா உள்ளே போனாளாம். வேலையும் கிடைத்தது. மறுநாள் நல்ல கேஸ்கெட் வாங்கி மாட்டிக் கொடுத்தேன்.

இப்போது யார் சத்தம் அனுப்பினாலும் தீர்ப்பு சொல்வதில்லை. “கடைசியா இதுல கை வெச்சது யாரு?” என்று மட்டும் கேட்கிறேன்.

பாதிப் பேர் சொல்கிற பதில்: “நீதான்யா.”