அடுத்த பிள்ளையின் செடி

சுலோச்சனா டீச்சர் இறந்த செய்தி ஐயம்பேட்டை பஸ்ஸில் நான் போய்க்கொண்டிருந்தபோது வந்தது. வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. ‘எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பொய். பாதித் தெருவோடு அவருக்குச் சண்டை. ஊருக்கே தெரியும்.

எங்கள் பள்ளி வளாகத்தில்தான் அவருடைய அங்கன்வாடி. நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியன். போன வருடம் அவருடைய பிள்ளைகள் காகிதக் கப்பில் காராமணி விதைத்தார்கள். தறி வீடுகளில் கழித்துப்போடும் பட்டு நூலைச் செடியின் உயரத்துக்கு வெட்டி, தினமும் ஒரு துண்டாக அட்டையில் ஒட்ட வேண்டும். “நாலு வயசுக்கு நம்பர் எதுக்கு? நூல் போதும்,” என்பார். தன் செடிதான் உயரம் என்று காட்ட, பிள்ளைகள் நுனியைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு செடிகள் வேரோடு வந்துவிட்டன.

“இனிமே உன் செடிய நீ அளக்காத. ஜோடிப் புள்ள செடிய அள,” என்று சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தார். தறி வீட்டு யாழினிக்குக் காலனிப் பெண் ரெபேக்கா வந்தாள்.

மறுநாள் யாழினியின் அம்மா வந்தார். “எம் பொண்ணு அதோட கப்பைத் தொட்டுக்கினு இருக்குது. ஜோடிய மாத்துங்க டீச்சர்.”

“தொட்டாதாம்மா அளக்க முடியும்.”

அவர் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வயதுக் கையில் தீட்டு பார்க்கிற ஊர் இது.

வருகை குறைந்தால் டீச்சர்தான் மேலே பதில் சொல்ல வேண்டும். “மாத்திடுங்களேன், எதுக்கு வம்பு?” என்றேன் நான்.

“மாத்துப்பா. ஏன் மாத்தினோம்னு ரெபேக்காகிட்ட நீயே சொல்லிட்டு வா.”

போனேன். அவள் கப்பை நீட்டி, “யாழினி வர்ல சார். நீ அளக்கறியா?” என்றாள். சொல்லவும் இல்லை, அளக்கவும் இல்லை. திரும்பிவிட்டேன்.

வேறு யாரையும் டீச்சர் அளக்க விடவில்லை. அட்டையில் ரெபேக்காவின் செடிக்கு நான்கு நாள் இடம் காலியாகவே கிடந்தது. அது சரியென்று இன்றும் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாள் யாழினியின் அம்மா வாசலில் நின்றார். வீட்டில் பிள்ளை ஓயாமல் அழுததாம்.

“இந்தக் கூத்து இன்னும் எத்தினி நாளைக்கு டீச்சர்?”

“காய் காய்க்கற வரைக்கும்மா.”

அதற்குள் யாழினி உள்ளே ஓடி ரெபேக்காவின் கப்பை மடியில் வைத்திருந்தாள். அம்மா பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். மனம் மாறினார் என்று நான் நம்பவில்லை. பிள்ளையை அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்த வருடம் என் வகுப்பிலும் சீட்டுக் குலுக்கித்தான் ஜோடி போட்டேன். ஒரு அப்பா வந்து மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. அவர் மறுபடி வருகிறாரா என்று சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். துணிச்சலை டீச்சர் தன்னோடு கொண்டுபோய்விட்டார். ரெபேக்கா முன்னால் நின்ற அந்த வெட்கம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது. அதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.