கார்த்திகைக்கு ஒரு சிவப்பு

கத்தாரில் மாதம் மாறுவதை மரங்கள் சொல்லாது. வேம்பு எப்போதும் ஒரே பச்சை, பேரீச்சை எப்போதும் ஒரே தூசி. அதனால்தான் கார்த்திகை வந்தால் சிவக்கிற செடி ஒன்றை வீட்டில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். என் மகள் இறந்தது கார்த்திகையில்.

பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டாள். கைக்குழந்தையை எங்களில் எரிப்பதில்லை, மண்ணில்தான் வைப்போம். ஊருக்குக் கொண்டுபோகிற நிலையில் நான் இல்லை. அதனால் தோஹாவுக்கு வெளியே இருக்கிற இடுகாட்டில் வைத்தோம். சின்னத் தகட்டில் என் பெயரை எழுதி, இன்னாருடைய குழந்தை என்று போட்டிருக்கிறார்கள். வெட்டிய பூ கொண்டுபோகலாம், செடி நடக் கூடாது. நடக் கூடாதென்றால் வீட்டில் நட்டுக்கொள்கிறேன் என்று வீம்பு பிடித்தேன்.

என் கணவருக்கு ராஸ் லஃபானில் வேலை. கம்பெனி கொடுத்த வீட்டின் பின்னால் கட்டில் அகலத்துக்குக் கொஞ்சம் மண் இருந்தது. எங்கள் வரிசையில் கறிவேப்பிலையைக்கூடத் தொட்டியில்தான் வைப்பார்கள். விசா முடிந்தால் யாரிடமாவது தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம் அல்லவா. எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

நர்சரிக்காரன் காட்டிய பூவெல்லாம் வெயில் வந்தால் கருகுகிற வெளியூர்ச் சரக்கு. நாட்டு வாதுமை வைத்துப் பார்த்தேன். சிவந்தது, ஆனால் தன் இஷ்டத்துக்கு மாசியில் சிவந்தது. வன்னி இந்த மண்ணிலேயே முளைக்கிற மரம்தான், ஆனால் நிறம் மாறாது. வெறுத்துப்போயிருந்த சமயம், ஒரு கார்த்திகையில் கடற்கரைச் சாலையில் போகும்போது உப்புத்தரை முழுக்கச் சிவந்து கிடந்தது. காரை நிறுத்தச் சொன்னேன். உமிரி. என் ஊர்ப்பக்கம், தூத்துக்குடி உப்பளக் கரைகளில் யாரும் திரும்பிப் பார்க்காத செடி.

"இதயா நடப் போற? சும்மா கெடக்க களைல்லா இது," என்றார் அவர்.

"இருக்கட்டும். வேரோட எடுங்க."

கொண்டுவந்து நட்டேன். ஆட்டெரு போட்டேன். நல்ல தண்ணீர் ஊற்றினேன், அரிசி கழுவிய தண்ணீரை ஒரு சொட்டுகூட வீணாக்காமல் அதற்கே ஊற்றினேன். ஊரில் உமிரிக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள், அதற்கு என்ன வேண்டுமென்று தெரிந்துவைத்திருக்க? புதர் கொழுகொழுவென்று வளர்ந்தது. அடுத்த கார்த்திகை வந்தது, பச்சை. அதற்கடுத்த கார்த்திகையிலும் பச்சை. நன்றி கெட்ட செடி என்று வாய்விட்டுத் திட்டினேன்.

"விடு. வார வருசம் செவக்கும்," என்றார் அவர்.

அடுத்த வருடம் ஐப்பசியில் அவருக்கு வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாமான்களைக் கட்டினோம், விற்றோம், தெருவில் வைத்தோம். அவளை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதை இரண்டு பேரும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தோம். செடியை மறந்தே போனேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள் துணி எடுக்கப் பின்பக்கம் போனால், உமிரி நுனியிலிருந்து அடிவரை சிவந்து நிற்கிறது. தாகமும் மண்ணின் உப்பும் ஏறினால்தான் அது சிவக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. பாசத்தைக் கொட்டிக் கொட்டி அதை நான்தான் சிவக்கவிடாமல் வைத்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் வீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கம்பெனி ஆள் வந்தார், இந்திக்காரர். குழாய், சுவர், ஏசி எல்லாம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். கொடுத்தபோது இருந்த மாதிரி வெறும் மண்ணாக விட வேண்டும், எல்லாவற்றையும் பிடுங்குங்கள் என்றார். நாங்கள் கிளம்புகிறவரையாவது இருக்கட்டும் என்று கேட்டேன். அவர் சிவப்பைப் பார்த்தார்.

"மர் கயா, பாபி," என்றார், செத்துப்போச்சு அண்ணி என்று. செத்துப்போனதைப் பிடுங்குவதற்கு என்ன யோசனை என்கிற மாதிரி.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. துப்புரவு ஆட்கள் வருவதற்குள் நானே பிடுங்கினேன். இத்தனை வளர்ந்தது இழுத்த இழுப்புக்கு வந்துவிட்டது. வேரை ஈரமில்லாத பழந்துணியில் சுற்றினேன். அதைப் பார்த்த என் கணவர் தாமாகவே கார் சாவியை எடுத்தார்.

இடுகாட்டு வாசலில் காவலாளி மறித்தார். பூ என்றால் சரி, செடி கூடாது என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் துணியை விலக்கிச் சிவந்த கிளைகளைக் காட்டினேன். "மர் கயா, பாய்," என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்தே வந்தது.

அவர் ஒருமுறை பார்த்துவிட்டு வழிவிட்டார். தகட்டின் பக்கத்தில் கையாலேயே மணலைத் தோண்டி நட்டோம். தண்ணீர் ஊற்றவில்லை. நாங்கள் போனபிறகு அங்கே யாரும் ஊற்றவும் மாட்டார்கள். எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை அதுதான்.