தட்டு அண்ணிக்கு நான் எழுதிய கடைசிக் கட்டுரை

சென்ற ஆண்டு ஆனி மாதம், சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் நடந்தது இது. எனக்கு வீடு கடலூர். தினமும் காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்து, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் திரும்புவேன்.

இந்த வேலையைத் தவிர எனக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. சினிமா, சீரியல் பற்றி எழுதும் ஒரு வெப்சைட்டில் ஏழு வருஷமாக வாரம் ஒரு கட்டுரை எழுதினேன். வாரம் முழுக்க ஓடிய சீரியல்களைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை கிண்டலடிப்பதுதான் என் வேலை. புனைபெயர் ஓர் ஆண் பெயர். ஏன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. ஆண் பெயரில் நக்கல் அடித்தால் ரசிப்பார்கள், பெண் பெயரில் அடித்தால் வாயாடி என்பார்கள் என்று அப்போது நினைத்தேன். பெரும்பாலும் பஸ்ஸிலேயே எழுதிவிடுவேன். ஆலப்பாக்கத்தில் ஆரம்பித்தால் முட்லூர் வருவதற்குள் முடிந்துவிடும். டூவீலர் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர்தான் பாதி ஜோக்குகளை எடுத்துக் கொடுப்பார். சீரியல் பார்ப்பதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, ஒரு எபிசோடு விடாமல் பார்க்கும் மனுஷர் அவர்.

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது தட்டு அண்ணி ஜோக்தான். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சீரியலில் கதாநாயகனின் அண்ணியாக ஒருவர் நடித்துவந்தார். நாலு வசனம் வந்தாலே பெரிய விஷயம், அப்படியொரு வேஷம். திடீரென்று ஒரு கட்டத்தில் பார்த்தால், எந்தக் காட்சியிலும் அவர் கை சும்மா இருப்பதில்லை. ஒரு நாள் தாம்பூலத் தட்டு, ஒரு நாள் அரிசி முறம், ஒரு நாள் துவைத்த துணிக் கூடை. வீட்டில் கத்திக்குத்து நடந்தாலும் அண்ணி தட்டோடுதான் வந்து நிற்பார். எனக்கு அல்வா மாதிரி கிடைத்தது. தட்டு அண்ணி என்று பேர் வைத்தேன். வாரா வாரம் அவர் நிற்பதை மட்டும் படமாக வெட்டி எடுத்து, அதற்குக் கீழே ஒரு குசும்பு வரி போடுவேன். இந்த வாரம் அண்ணி கையில் என்ன என்று வாசகர்களுக்குப் போட்டிகூட வைத்தேன். பதினோரு வாரம் ஓட்டினேன். பன்னிரண்டாவது வாரம் இவருக்குப் பதில் இவர் என்று போட்டு, வேறொரு நடிகையைக் கொண்டுவந்துவிட்டார்கள். தட்டுக்குச் சம்பள உயர்வு கேட்டதால் நீக்கப்பட்டார் என்று அதையும் கிண்டலடித்து ஒரு வரி எழுதிவிட்டு மறந்துபோனேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அந்த அண்ணி எங்கள் சென்டருக்குள் வந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி. கீரப்பாளையம் பக்கம் அவர் அம்மா வீடு, பிரசவத்துக்கு வந்திருக்கிறார். டாக்டர் வரத் தாமதமானதால் என் கவுண்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நீங்க அந்த சீரியல் அண்ணிதானே, ஏன் நின்னுட்டீங்க என்று கேட்டேன். யாரோ அடையாளம் கண்டுகொண்டதில் அவருக்குச் சந்தோஷம். மனசுவிட்டுப் பேசினார்.

"மாசமா இருக்கேன்னு தெரிஞ்சா தூக்கிடுவாங்கன்னு பயங்க. எங்க டைரக்டரு நல்லவரு. கையில ஏதாச்சும் வெச்சிக்கிட்டு நில்லும்மா, வயிறு தெரியாது, மத்தத குளோஸப்புலயே ஓட்டிடலாம்னாரு. நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சி. எவனோ ஒருத்தன் வெப்சைட்டுல தட்டு அண்ணி தட்டு அண்ணின்னு வாரா வாரம் எழுதினான். மேல இருக்கறவங்க அதப் பாத்துட்டு, இன்னா விஷயம்னு நோண்ட ஆரம்பிச்சிட்டாங்க. அவ்ளோதான்."

நாள் முழுக்க வயிற்றுப் பிள்ளைக்காரிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். நடையைப் பார்த்தே எத்தனையாவது மாதம் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள். பதினோரு வாரம் ஒரு கர்ப்பிணியை உற்று உற்றுப் பார்த்து, தட்டை மட்டும் பார்த்திருக்கிறேன். அந்த எவனோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படீங்களா என்று மட்டும் கேட்டேன். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். குழந்தை நன்றாக இருக்கிறது என்ற அவருடைய ரிப்போர்ட்டை நானே டைப் அடித்துக் கையில் கொடுத்தேன்.

அத்தோடு போயிருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ. அவருடைய அம்மாவுக்குக் கிட்னியில் கல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்தான் எங்கள் சென்டருக்கு அழைத்துவருவார். அவர் தலை தெரிந்ததும் நான் உள்ளே ஓடிவிடுவேன். ஒருமுறை ரிப்போர்ட் கவர்கள் அடுக்கிவைக்கும் அறைக்குள் முக்கால் மணி நேரம் நின்றேன். கூட வேலை பார்க்கும் பெண், "அவங்க வந்தா மட்டும் உனக்கு ஏன்டி வயித்தக் கலக்குது?" என்று கேட்டாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. சென்ற ஆண்டு ஆனி மாதம் எங்கள் எடிட்டரிடமிருந்து குரூப்பில் செய்தி வந்தது. எல்லாரும் வீடியோ பக்கம் போய்விட்டார்கள், அவருக்கும் வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது, மாதக் கடைசியோடு வெப்சைட்டை மூடுகிறோம், பழைய கட்டுரைகள் எதுவும் இருக்காது. ஆளுக்கொரு கடைசிக் கட்டுரை அனுப்புங்கள், அழுவாச்சி மட்டும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். குரூப்பில் ஒரே கண்ணீர் பொம்மைகள். எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா, நிம்மதி. அப்பாடா, தட்டு அண்ணி ஜோக் மொத்தமும் அழிந்துபோகும், இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றியது. மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான், ஏழு வருஷம் எழுதியதற்குக் கிடைத்த சந்தோஷம் அது அழியப்போகிறது என்பதுதானா என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. நேருக்கு நேர் சொல்லத் தைரியமில்லாத எனக்கு, இந்தக் கடைசிக் கட்டுரையை விட்டால் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேறு இடமே இல்லை. ரிஜிஸ்டரில் அவர் நம்பர் இருந்தது. ஆனால் அது நோயாளி கொடுத்த நம்பர், சொந்த விஷயத்துக்கு எடுக்கக் கூடாது.

கட்டுரை எழுதுவதற்காக அந்தப் பதினோரு வாரத்து எபிசோடுகளையும் போனில் தேடிப் பிடித்து, போகவும் வரவும் பஸ்ஸிலேயே பார்த்தேன். ஒரு காட்சியில் கொழுந்தனை வீட்டைவிட்டு விரட்டுகிறார்கள். எல்லாரும் கத்துகிறார்கள். ஓரமாக அண்ணி முறத்தோடு நிற்கிறார். வசனம் கிடையாது. புடைப்பதை நிறுத்தாமல் அவனைப் பார்க்கிறார், கண் கலங்குகிறது, கை மட்டும் தன்பாட்டுக்குப் புடைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் காட்சியை நான்கு தடவை பார்த்தேன். இந்தப் படத்துக்குக் கீழேதான் நான், நாளைக்கு இட்லிக்கு அரிசி ரெடி என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது. எவ்வளவு நல்ல நடிகை இவர்.

கர்ப்பமாக இருந்ததை நான் எழுத முடியாது. அது எனக்கு ஸ்கேன் சென்டரில் தெரிந்த விஷயம். அதனால் அவருடைய நடிப்பைப் பற்றி மட்டும் எழுதினேன். அந்த முறக் காட்சி, இன்னும் நாலைந்து காட்சிகள். கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தேன், முகத்தைப் பார்க்கத் தவறினேன், என் கிண்டல் அவருக்குக் கெடுதல் செய்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்று முடித்தேன். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன்.

"ஏழு வருஷமா டிவில வர்ற அத்தன பேரையும் திட்டித் தீத்துட்ட. ஆளு கெடைக்கலன்னு இப்ப உன்னியே திட்டிக்கிறியா?" என்று சிரித்தார். அப்புறம், "எழுதிட்டா மட்டும் போதுமா? அவுங்க இதப் படிப்பாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. யாருமே படிக்காததால் மூடுகிற வெப்சைட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று கைகழுவப் பார்த்திருக்கிறேன்.

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அவர் அம்மாவின் அடுத்த ஸ்கேன் அந்த மாதக் கடைசி வாரத்தில்தான். வெப்சைட்டை மூடுவதற்கு முந்தின நாள் அவர் வந்தார். இந்த முறை நான் ஓடவில்லை. கவுண்டரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அம்மா உள்ளே போனதும் எழுந்து பக்கத்தில் போய், ஒரு விஷயம் சொல்லணும்ங்க என்று ஆரம்பித்தேன். தட்டு அண்ணின்னு எழுதின அந்த எவனோ நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசிக் கட்டுரையைப் போனில் எடுத்து நீட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். "அன்னிக்கு நான் எல்லாத்தையும் சொன்னப்பவே, அது நீங்கதான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்ங்க."

"நான் வரும்போதெல்லாம் உள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டது இதுக்குத்தானா? நான் வேற இன்னாவோன்னு நெனச்சேன்."

அவர் போனை வாங்கி நின்றபடியே படித்தார். மெதுவாகப் படித்தார். முறக் காட்சி வரும் இடத்தில் மறுபடியும் மேலே தள்ளிப் படித்தது எனக்குத் தெரிந்தது. முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கோவம் இருக்குங்க. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் யாரும் கூப்புடல. ஆனா என் நடிப்பப் பத்தி இது வரைக்கும் ஒருத்தரும் நாலு வரி எழுதினதில்ல." பிறகு, "பழசெல்லாம் இருக்குதா? அந்தத் தட்டு ஜோக்கெல்லாம்?" என்று கேட்டார்.

நாளையோடு எல்லாம் அழிந்துவிடும், இனி யார் கண்ணிலும் படாது என்று ஏதோ நல்ல சேதி சொல்கிறவள் போலச் சொன்னேன்.

"அழியறதுக்கு முன்னாடி எனக்கு எல்லாத்தையும் பிரிண்ட் போட்டுக் குடுங்க."

யாரிடமாவது காட்டிப் புகார் கொடுக்கப்போகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். கொடுத்தாலும் நியாயம்தான் என்று தலையாட்டினேன். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"பயப்படாதீங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நான் அப்ப ஒரு போட்டோகூட எடுத்துக்கல. எம்பொண்ணு வயித்துல இருந்தப்ப நான் எப்புடி இருந்தேன்னு காட்ட ஒண்ணுமே இல்ல. சீரியல்ல நான் நாலு செகண்டு வந்துட்டுப் போயிடுவேன். நீங்கதான் வாரா வாரம் என்னை மட்டும் தனியா வெட்டி எடுத்து வெச்சிருக்கீங்க. அந்தத் தட்டுக்குப் பின்னாடி எல்லாத்துலயும் அவதான் இருக்கா."

வரவேற்பில் பத்துப் பேர் பார்க்க, டோக்கன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். நல்ல தாளிலேயே போடு என்றார். பதினோரு கட்டுரை, கடைசிக் கட்டுரையோடு பன்னிரண்டு. கலர் பிரிண்டரில் ஒவ்வொன்றாக வெளியே வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வரிசையாக வைத்துப் பார்த்தால் வாரத்துக்கு வாரம் முகம் பூசினாற்போல் ஆகிக்கொண்டே வந்திருக்கிறது, தட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியிருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டோம். உள்ளிருந்து வந்த அவர் அம்மா, ஒருத்தி அழுத முகத்தோடும் ஒருத்தி தாள்களோடும் சிரிப்பதைப் பார்த்து, தன் ரிப்போர்ட்டில்தான் ஏதோ என்று பயந்துபோனார். உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா, கல் கரைந்திருக்கிறதாம், டாக்டர் சொன்னார் என்று சமாதானம் சொன்னேன்.

பன்னிரண்டு தாள்களையும் ஒரு ஸ்கேன் கவரில் போட்டுக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, "அடுத்த தடவ வரப்ப ஒளியாதீங்க" என்றார். அடுத்த தடவை வந்தபோது, இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பேர் மட்டும் போடாதீங்க என்று சொன்னதால்தான் இப்போது எழுதுகிறேன்.

வெப்சைட் மூடியதும் குரூப்பில் எல்லாரும் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். எடிட்டர் எனக்குத் தனியாக, ஏழு வருஷத்தில் நீ எழுதிய ஒரே உருப்படியான கட்டுரை கடைசிக் கட்டுரைதான் என்று அனுப்பியிருந்தார். எனக்கு வருத்தமே இல்லை. பஸ்ஸில் எழுதித் தள்ளிய முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் இன்று உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தப் பன்னிரண்டு தாள்கள்தான். ஒரு நாள் அந்தப் பெண் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி, தன் அம்மாவை நான் கிண்டலடித்ததையும் கடைசித் தாளில் மன்னிப்புக் கேட்டதையும் படிக்கத்தான் போகிறாள். அதனால் இப்போதெல்லாம் யாரைப் பற்றி ஒரு வரி எழுதினாலும், அவர்கள் வீட்டுப் பிள்ளை இதைப் படிக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.