பதினெட்டு கிராம் காபி

என் அக்கா கணவரைத் தெருவில் எல்லாரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். கடைகளில் இருக்கும் எடை மெஷின்கள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்து முத்திரை ஒட்டுவது அவர் வேலை. இருபது வயதில் பிடித்த வேலை, இன்றுவரை விடவில்லை. ஒரு மரப்பெட்டி நிறைய எடைக்கற்கள் வைத்திருப்பார். அவற்றை யாரையும் வெறுங்கையால் தொட விடமாட்டார். விரல் அழுக்குக்கும் எடை உண்டாம். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பதால், இந்த மனிதரைக் கட்டிக்கொண்ட அக்காவுக்காகப் பரிதாபப்பட எனக்கு நிறைய வாய்ப்புக் கிடைத்தது.

காபி என்று வந்துவிட்டால் அத்தான் இன்னும் மோசம். பதினெட்டு கிராம் கொட்டையை நிறுத்துக் கையால் சுற்றும் மெஷினில் அரைப்பார். கெட்டிலுக்குள் வெப்பமானியை விட்டுப் பார்ப்பார். காகித வடிகட்டியில் தூளைப் போட்டுத் தண்ணீரை மூன்று தடவையாகச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார். பால், சர்க்கரை எதுவும் சேர்க்கமாட்டார். அந்த மூன்றரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒருநாள் தும்மிவிட்டு நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

கடைக்காபி என்றாலே அவருக்கு ஆகாது. அதிலும் ஊர் ஊருக்குக் கிளை திறந்து வைத்திருக்கிற அந்தப் பெரிய காபிக்கடையைக் கண்டால் முகம் கடுகடுத்துவிடும். "எல்லாக் கிளையிலயும் ஒரே ருசின்னு பெருமையா போர்டு வெச்சிருக்கான். அதுக்கு என்ன அர்த்தம்? எங்கயுமே ருசி இல்லைன்னு அர்த்தம்" என்பார். அதில் பாதி உண்மைதான். அங்கே நுரையை ஊதித் தள்ளினால் கோப்பையில் பாதி காணாமல் போகும். ஆனாலும், "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அத்தான்" என்று நான் சீண்டுவேன். நான் டீ குடிக்கிறவள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எனக்கு இல்லை.

அந்தப் பொறுப்பு அக்காவுடையது. அவள் முன்னால் கோப்பையை வைத்துவிட்டு, எதிரே நின்று அவள் முகத்தையே பார்ப்பார் அத்தான். முதல் வாய் தொண்டையில் இறங்கும்வரை அவருக்கு மூச்சு வராது.

"நல்லா இருக்கு" என்பாள் அக்கா.

"புருவம் சுருங்குச்சே?"

"ஜன்னல் வெயில் கண்ணுல அடிச்சுது."

"நேத்தைவிடப் பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க."

அவள் முகத்தில் கண்டதை வைத்து, தூளின் பருமனை மாற்ற மறுநாள் அரைக்கிற மெஷினை ஒரு பல் திருகுவார். பதினோரு வருடம் இப்படியே ஓடியது.

இரண்டு மாதங்களுக்கு முன்பு அக்கா எட்டரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு எட்டு மணி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். ஆபீசில் வேலை அதிகம் என்றாள். கோப்பையை நின்றபடியே இரண்டு வாயில் காலி செய்துவிட்டு ஓடினாள். ஒருநாள் அத்தான் மாடிக்கே வந்துவிட்டார்.

"உங்க அக்காவுக்கு என் மேல ஏதாவது கோபமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, சாயங்காலம் நான் வரும்போது அவ களைச்சுப் போயிருப்பா. எங்களுக்குன்னு இருந்தது காலையில அந்த அரை மணி நேரம்தான். இப்ப அதுவும் இல்ல."

எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். அந்த அரை மணி நேரமும் அக்கா அந்தப் பெரிய காபிக்கடையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் அவளோடு போனேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மூடி போட்ட காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மரப்பெட்டியோடு அத்தான் உள்ளே வந்தார். அங்கே காபிக்கொட்டையை எடைபோட்டும் விற்பார்கள். அவர்கள் எடை மெஷினுக்கு அன்றைக்குத்தான் சோதனை. கையும் களவுமாகப் பிடிபட்ட அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

அத்தான் எங்களைப் பார்த்துவிட்டார். ஆனால் கத்தவில்லை, முதலில் வேலையை முடித்தார். எனக்கு அதுதான் எரிச்சல். ஒவ்வொரு கல்லாக வைத்து, எடுத்து, துடைத்து, முத்திரையும் ஒட்டிவிட்டுத்தான் எங்கள் மேஜைக்கு வந்தார். அக்காவின் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"தீய்ஞ்சு போற மாதிரி வறுத்திருக்கான்."

"ஆமாங்க."

"ஆறியும் போச்சு."

"ஆமா."

"அப்புறம் ஏன் இங்க வந்து உட்கார்ற?"

அக்கா கோப்பையின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "இங்க குடிக்கும்போது யாரும் என் மூஞ்சியப் பார்க்கிறதில்லைங்க" என்றாள்.

அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் எனக்குக் கீழே எந்த வேலையும் இல்லை. ஆனாலும் இறங்கிப் போனேன். அக்கறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா தோளில் பையோடு தயாராக நின்றாள். அத்தான் அவள் கோப்பையை மேஜையில் வைத்தார். பிறகு தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் தன் காபியை எடுத்துக் குடித்தார். அவள் முகத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அவருடையது எப்போதும் ஆறிப்போயிருக்கும். அவர் போட்ட காபியை அவரே சூடாகக் குடித்தது அன்றைக்குத்தான்.

"கசக்குது" என்றார் சுவரிடம்.

"ஆமாங்க."

"இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல. ரொம்ப வருஷமா."

"நல்லா இருக்குன்னு சொன்னியே."

"நீங்க அப்படி நின்னு பார்த்தா வேற என்ன சொல்றது?"

அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார். "தப்பான கல்லை வெச்சே தராசைச் சரிபண்ணிட்டு இருந்திருக்கேன்" என்றார் பிறகு. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"உனக்கு எப்படி வேணும்?" என்று கேட்டார். அவளிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார், இதை மட்டும் கேட்டதில்லை.

அக்கா பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். ஃப்ரிட்ஜிலிருந்து பாலை எடுத்து, அளக்காமல் தன் கோப்பையில் ஊற்றினாள்.

"இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க" என்றாள். "என்னைப் பார்க்கலாம். பரிசோதனைதான் பண்ணக் கூடாது."

எட்டு மணி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அக்கா சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.