கும்பிடுபூச்சி சொன்ன பனி

எச்சிகோ மலைகளுக்கு நடுவே கமினோசவா ஊரில் தமோட்சு சலூன் வைத்திருந்தார். முடிவெட்டுவதில் சுமார்தான். ஆனாலும் நாற்காலி காலியாக இருந்ததில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

அந்த நவம்பரில் டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டி, இந்த வருஷம் பனி எப்படி என்று கேட்டாள். கடையோரச் செடியில் கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு தலைக்கு மேலே ஒட்டியிருந்தது. கூடு எவ்வளவு உயரமோ அவ்வளவு பனி என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. "என்னைப் புதைச்சிடும்போல இருக்கே" என்று சிரித்துவைத்தார். நாலு மீட்டர் கொட்டியது. தமோட்சு தீர்க்கதரிசியாகிவிட்டார். அதற்கப்புறம் அவர் ஐந்து தடவை தப்பாகச் சொன்னதை ஊர் பெருந்தன்மையோடு மறந்துவிட்டது.

இந்த வருடம் வானிலை அலுவலகத்தின் மூன்று மாதக் கணிப்பு வந்தது. பனி குறைய நாற்பது சதவீதம், வழக்கம்போலப் பெய்ய முப்பது, கூடப் பெய்ய முப்பது. ஊர் அலுவலகத்தில் பனி அள்ளும் வண்டிகளுக்குப் பொறுப்பான இகராஷி அம்மாள் அந்தத் தாளோடு சலூனுக்கு வந்தாள்.

"தமோட்சு-சான், இதுல என்னதான் சொல்றாங்க?"

"எது நடந்தாலும், நாங்க அன்னைக்கே சொன்னோம்கிறாங்க."

"அதான் உங்ககிட்ட வந்தேன். எத்தனை வண்டி எடுக்கட்டும்?"

போன வருடம் இவர் பேச்சை நம்பி அவள் எடுத்த பதினாலு வண்டிகளும் ஏப்ரல்வரை கொட்டகையில் தூங்கின. திட்டு வாங்கியது அவள். தமோட்சு கத்தரியைக் கீழே வைத்தார்.

"நிஜத்தைச் சொல்லிடறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக்குமே தெரிஞ்சதில்லை."

இகராஷியின் முகம் வெளுத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு: தமோட்சு வாயைத் திறக்கவே பயப்படுகிறாராம்! கடைகளில் கணப்புக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் தீர்ந்தது. கூரைப்பனி தள்ளும் ஆட்களைப் பிப்ரவரிவரை பேசி முடித்துவிட்டார்கள்.

தமோட்சு மட்டும் யாரையும் பேசி வைக்கவில்லை. அவர் அந்த நாற்பது சதவீதத்தை நம்பினார். படித்தவர்கள் போட்டது ஆயிற்றே.

டிசம்பரும் ஜனவரியும் வெறும் மழையாகப் போயின. பிப்ரவரி ஐந்தாம் தேதி பனி தொடங்கியது. ஆறு நாளில் மூன்று மீட்டர். நாலாம் நாள் காலை சலூன் கூரை மடாரென்று உள்ளே விழுந்தது. நல்லவேளை, அவரும் மனைவி ஃபுமியேவும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு முராயாமா ஆட்களோடு வந்து வாசலைத் தோண்டித் திறந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பெரிய மனுஷன்யா நீங்க! ஊருக்கே ஆள் பத்தாதுன்னு தெரிஞ்சு, உங்களுக்குன்னு ஒருத்தரைக்கூட வச்சுக்கலையே!"

மறுக்கத்தான் தமோட்சு வாயெடுத்தார். ஃபுமியே அவர் கையில் மண்வாரியைத் திணித்தாள்.

"போன தடவை நிஜம் பேசினது போதும். பேசாம அள்ளுங்க."

மார்ச்சில் வானிலை அலுவலகம் மொத்தப் பனியையும் கூட்டிப் பார்த்து, வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவு, கணிப்பு சரி என்று அறிக்கை விட்டது. ஊரார் கூலி வாங்காமல் கூரை போட்டுக்கொடுத்தார்கள். தமோட்சு கூச்சத்தோடு ஒரு மாதம் அத்தனை பேருக்கும் இலவசமாக முடிவெட்டினார். அந்த ஒரு மாதமும் பனியைப் பற்றி மூச்சு விடவில்லை. அதற்கும் மரியாதை கூடத்தான் செய்தது.