வத்தேகம பஸ்ஸில் தலை எண்ணிய வாரம்

அட்டைக்கு இரத்தம் கொடுத்து மாளாது என்று பதினெட்டு வயதில் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு இறங்கிய கணேஸ், வத்தேகம - கண்டி தனியார் பஸ்ஸின் மிதிபலகையில் ஏறினான். கொண்டக்டராகப் பத்தொன்பது வருஷம். ஒருநாளாவது ஒழுங்காக உட்கார்ந்தவனில்லை. வாய் துடுக்கு, கை அதைவிடத் துடுக்கு. கொலரைப் பிடித்து நடுவழியில் இறக்கிவிட்ட ஆட்கள் எத்தனை பேரென்று அவனுக்கே ஞாபகமில்லை.

அதே பாதையில் பின்னால் வரும் அடுத்த பஸ்ஸின் கொண்டக்டர் அவன் மச்சான் இன்பராஜ், பெண்சாதி அங்கம்மாவின் தம்பி. மதியம் கண்டி ஸ்டாண்டில் இருவரும் அங்கம்மா கட்டித் தரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவார்கள்.

அந்த வாரம் லதுஷா என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை டெப்லட்டோடு பஸ்ஸில் ஏறினாள். கண்டிக்குள் வரும் பஸ், கார், புகை, நெரிசல் எல்லாவற்றையும் அளந்து, இந்த ஊர் இன்னும் இருபது வருஷம் தாங்குமா என்று பார்க்கும் ஆய்வு. அவள் பஸ்ஸில் தலை எண்ணுவது ஸ்டாண்டில் வேறு கதையாகிவிட்டது. ஆள் குறைந்த பஸ்ஸுக்குப் பெர்மிட் போய்விடுமாம்! கிளப்பியவன் நாக்கு அழுக. அவளிடமே ஒருவன் கேட்டிருக்கலாம். படித்தவர்களிடம் நேரே கேட்க நம்மவர்களுக்கு வாய் வராதே. டைம் கீப்பரிடம் கேட்டார்கள். அவரும் தெரிந்த மாதிரித் தலையாட்டினார்.

வியாழன் காலை, வழியில் மடவளை நிறுத்தம். ஒரு பஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் பத்து நிமிடம் என்பது பாதைச் சட்டம். தன் பத்து நிமிடம் தீர்ந்தும் கணேஸ் நகரவில்லை.

"உள்ளுக்குப் போங்க! நடுவுல கிரிக்கெட் வெளாடலாம், போங்க!"

"போவோம் கணேஸ், பின்னுக்கு வந்துட்டான்" என்றார் டிரைவர் நுஸ்கி.

அடுத்த பஸ் வந்தேவிட்டது. இன்பராஜ் குதித்து ஓடிவந்தான்.

"என் ஆளுங்கள ஏத்திக்கிட்டு என் பொழப்புல மண்ணப் போடுறியா மச்சான்?"

கொலரைப் பிடித்து இழுத்து, கணேஸின் முகத்தைப் பஸ்ஸின் தகரத்தில் மோதினான். மூக்கு உடைந்து சட்டை முழுக்க இரத்தம். வெறி தலைக்கேறிய கணேஸ், டிரைவர் சீட்டுக்குக் கீழே கையை விட்டு டயர் கழற்றும் கம்பியை உருவினான். முதல் அடி முழங்கையில். இரண்டாவது தாடையில். எலும்பு முறிந்த சத்தம் கடைசி சீட்டுவரை கேட்டது. தார் ரோட்டில் இரண்டு பற்கள் கிடந்தன. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது நாலுபேர் பாய்ந்து பிடித்தார்கள்.

லதுஷா கணேஸின் பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"எழுதுங்க மிஸ்" என்று மூச்சிரைத்தான் கணேஸ். "தொண்ணூத்திரெண்டு பேரு. எங்க பெர்மிட்ட வெட்ட முடியாது."

"பெர்மிட்டோ? ஆர் அண்ணை சொன்னது?" அவள் அழுதுவிட்டாள். "இருக்க இடமில்லாமல் நிக்கிற ஆக்களையும் தொங்கிற ஆக்களையும்தான் நான் எண்ணினனான். இந்தப் பாதைக்கு இன்னும் பஸ் வேணுமெண்டு எழுதத்தான்."

கணேஸ் கம்பியைக் கீழே போட்டான். இன்பராஜ் சாக்கடையோரம் குந்தி, வாயைப் பொத்தியிருந்தான். விரல்களுக்கிடையில் இரத்தம் வழிந்தது.

"பொலிஸ் வருது" என்றார் நுஸ்கி.

கணேஸ் ஓடவில்லை. திறந்திருந்த கதவு வழியே டிரைவர் சீட்டின் கீழ்ப்பக்கம் தெரிந்தது. அங்கம்மா இருவருக்குமாகக் கட்டிய பார்சல் ஒருபக்கம் சரிந்து கிடந்தது. கம்பியை உருவ அதைத்தான் அவன் தள்ளிவிட்டிருந்தான்.